எங்கே என்று கேட்காதவர்

"எங்கே போறீங்க?" என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவர் பஸ் கண்டக்டர். வேதாரண்யத்தில் புறப்பட்டுத் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போகிற தனியார் வண்டியில் பாதி ஆயுளை நின்றபடியே கழித்தவர். ஏறுகிறவர்களை எங்கே என்று கேட்காமல் எப்படி டிக்கெட் கிழிப்பது? அவர் கிழித்தார். ஆள் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, ரகசியம் கேட்கிற குரலில், "எதுவரைக்கும்?" என்பார். அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றுதானே என்று நான் ஒருமுறை வம்புக்கு இழுத்தேன். அப்போது நான் தஞ்சாவூரில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்த வாயாடி. வாரக் கடைசியில் ஊருக்கு வருவதும் திங்கட்கிழமை விடியலில் திரும்புவதும் அவர் வண்டியில்தான்.

"ஒண்ணு இல்லம்மா," என்றார். "எங்கேன்னு கேட்டா போற காரியத்தைக் குறுக்க மறிச்ச மாதிரி. எதுவரைக்கும்னு கேட்டா அது டிக்கெட்டுக்கு."

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் அவசரமென்றால் அம்மா மறந்துவிடுவாள். இவர் எந்த அவசரத்திலும் மறக்காதவர்.

அந்தத் திங்கட்கிழமை விடியல்களை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். ஜன்னல் கம்பியில் பனி சொட்டும். முதலில் உப்பளத்துக் காற்று, அது எங்கே முடிந்தது என்று தெரிவதற்குள் பயிர் வாசனை. வயலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும். வண்டிக்குள் பாதிப்பேர் தூக்கம். அந்தத் தூக்கத்தின் நடுவே அவர் பக்கவாட்டில் நழுவி நழுவி வந்து, தூங்குகிறவரின் தோளைத் தொடாமல், காதருகில் "எதுவரைக்கும்?" என்பார். தூக்கத்திலேயே ஊர்ப் பெயர் சொல்வார்கள். டிக்கெட்டை விரலிடுக்கில் சொருகிவிட்டுப் போய்விடுவார். பல பேருக்குத் தாங்கள் டிக்கெட் வாங்கியதே இறங்கும்போதுதான் தெரியும்.

ஒருமுறை எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஒரு பையனோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். போனது இவர் வண்டியில். அவள் முன்னால், பையன் பின்னால், இருவரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்களாம். மறுநாள் பெண்ணின் பெரியப்பா பஸ் ஸ்டாண்டில் வந்து சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றார்.

"எங்க போனாங்கன்னு உனக்குத் தெரியும். சொல்லு."

"நான் கேக்கலீங்களே," என்றார் இவர், நிஜமாகவே வருத்தத்தோடு.

"டிக்கெட் குடுத்தியா இல்லியா?"

"கடைசி ஸ்டாப்பு வரைக்கும் குடுத்தேன். அங்கேருந்து எங்கேன்னு நான் கேக்குற வழக்கம் இல்லீங்க."

பெரியப்பா திட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் இன்று நன்றாக இருக்கிறாள். இவருடைய வழக்கத்தை ஊரே கேலி செய்ததுண்டு. அன்று எங்கள் தெருப் பெண்கள் நாங்கள் கேலி செய்யவில்லை.

படிப்பு முடிந்தது. கல்யாணம் ஆகித் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டேன். அந்த வண்டியும் அவரும் என் நினைவில் இருந்து இறங்கிப் போய்விட்டார்கள். பல வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், உறுப்பு மாற்று வார்டில் ஒரு காலை. புதுச் சிறுநீரகம் வைத்த ஒருவரை எழுப்பி நடக்க வைக்கவேண்டும். அதுதான் என் வேலை. அறுத்துத் தைத்த வயிற்றோடு படுத்திருப்பவரை நடக்கச் சொன்னால் யார்தான் நம்மை விரும்புவார்கள்? வார்டில் எனக்குப் பெயர் எமன் தங்கச்சி.

போய்ப் பார்த்தால் இவர். முகம் உப்பி, மீசை நரைத்து, பாதி ஆளாக. ஆனால் அதே ஆள். கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் வாய் சும்மா இராமல், "எதுவரைக்கும்ண்ணே?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கப் போய், தையலைப் பிடித்துக்கொண்டு முனகினார். "வேதாரண்யம் ஏறி எடப்பக்கம் ஜன்னலோரம். புஸ்தகப்பையை மடியில வச்சுக்கிட்டு, தூங்க மாட்டீங்க, பேசிக்கிட்டே வருவீங்க," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியெல்லாம் எளிதில் கலங்குகிறவள் இல்லை நான்.

அன்று வார்டுத் தாழ்வாரத்தின் கோடிவரை போய் வந்தோம். நடக்கும்போது அவருடைய வலது கை தானாக மேலே எழும்பி எதையோ தேடும். இல்லாத கம்பியை. "புடிச்சுக்க ஒண்ணும் இல்லாம நடந்து பழக்கமே இல்லம்மா. தரை வேற ஆட மாட்டேங்குது," என்று குறைபட்டுக்கொண்டார்.

அவருக்குக் கிடைத்தது இறந்துபோன ஒருவருடைய சிறுநீரகம். மூளைச் சாவு அடைந்தவர்களின் குடும்பத்தார் மனது வைத்துக் கொடுப்பது. யார், எந்த ஊர் என்று வாங்குகிறவருக்குச் சொல்லமாட்டார்கள். பெரும்பாலானவர்கள் என்னைத் தனியாகப் பிடித்து, ஆணா பெண்ணா என்றாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுவார்கள். எனக்கே தெரியாது என்றாலும் நம்பமாட்டார்கள். இவர் கேட்கவில்லை.

"வண்டியில ஏறுறவங்களோட பேரு ஊரு நான் கேட்டதில்ல," என்றார், ஜன்னலருகே மூச்சு வாங்க நின்றபோது. "எதுவரைக்கும்னு மட்டும் கேப்பேன். இவங்ககிட்ட அதையும் கேக்க முடியல. ஏறி உக்காந்துட்டாங்க. பத்திரமாக் கொண்டுபோறது நம்ம வேலை."

சட்டையின் மேல் வயிற்றோரம் கையை வைத்துக்கொண்டு சொன்னார். அந்தக் கையை அவர் நெடுநேரம் எடுக்கவில்லை.

புதுச் சிறுநீரகம் வைத்த பிறகு நடையும் ஒரு மருந்துதான். உடம்பு அதை அந்நியமென்று தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரைகள் சாப்பிடவேண்டும். அந்த மாத்திரைகள் பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், எடையைக் கூட்டும். அப்படியே விட்டால் வைத்ததும் கெடும். வீட்டுக்குப் போனதும் எல்லாரும் பூப்போலப் பொத்தி உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வருஷம் ஒரு ஏற்பாடு வந்தது. கையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, செல்போனில் ஓர் ஆப். நடையைப் பட்டை எண்ணி மேடு பள்ளமாகக் காட்டும், போகிற வழியைப் போன் கோடாக வரையும். இரண்டும் எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். யார் நடக்கவில்லையோ அவர்களை நான் கூப்பிட்டு நச்சரிக்கவேண்டும். அதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் கிடைக்குமா?

போன் பேசவும் செய்யும். ஆள் வாசலைத் தாண்டினால் தமிழில் ஒரு குரல் உற்சாகப்படுத்தும். அந்தக் குரலுக்குச் சென்னையிலிருந்து ஆள் பிடித்தால் செலவு என்று ஆப் செய்த கம்பெனிக்காரர்கள் என்னையே பேசச் சொன்னார்கள். அவர்கள் எழுதி அனுப்பியதை வாசித்துக் கொடுத்தேன். பழக்க தோஷத்தில் வேகமாக வாசித்தேன் என்று இருமுறை திருப்பி வாசிக்க வைத்தார்கள்.

அவர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருந்த தன் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மறுநாளிலிருந்து என் திரையில் அவருடைய நடை வரத் தொடங்கியது. வந்தது என்பதே தப்பு. விடிந்ததும் ஒரு சின்ன மேடு. உடனே ஒன்றுமில்லை. கொஞ்சம் கழித்து இன்னொரு சின்ன மேடு. பிறகு நாள் முழுக்கத் தரிசு. ஒரு வாரமில்லை, இரண்டு வாரமில்லை, மாதக்கணக்காக இப்படியே. கம்பெனி அவருக்குத் திரையில் தங்கக் கோப்பை அனுப்பியது. காகிதப் பூ தூவியது. அசையவில்லை.

கூப்பிட்டால், "சரிம்மா, நாளைக்குப் பாக்குறேன்," என்பார். நாளைக்கும் அதே சின்ன மேடு.

பரிசோதனைக்கு வந்த அன்று பெரிய டாக்டர் பிடித்துக்கொண்டார். சர்க்கரை ஏறியிருந்தது, எடை ஏறியிருந்தது. "எவ்வளவு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா? அவங்களுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைச்சிருக்கு. நடக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா இதுவும் போயிடும். நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க," என்றார்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் மனைவி என்னிடம் பொங்கிவிட்டார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அதிர்ந்து பேசாத மனுஷி.

"அவரு தெனம் கெளம்புறாருங்க. விடிஞ்சும் விடியாம செருப்ப மாட்டிக்கிட்டு வாசப்படி தாண்டுவாரு. தாண்டுனதும் நீங்க கேட்டுடுறீங்க."

"நானா?"

"நீங்கதான், போன்ல. 'கிளம்பிட்டீங்களா, இன்னைக்கு எங்கே போறீங்க'ன்னு. அப்பறம் எப்புடிங்க நடப்பாரு? திரும்பி வந்து உக்காந்து தண்ணி குடிக்கிறாரு. மறுபடி கெளம்புறாரு. மறுபடி கேக்குறீங்க. அதுக்குள்ள வெயில் ஏறிப்போவுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே பயமும் வந்தது. இந்த மனிதர் என் குரலைக் கேட்டுக் கேட்டுத் திரும்பி, கிடைத்தற்கரிய ஒன்றைத் தொலைத்துவிடப் போகிறாரே.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே?"

"அக்கறையாக் கேக்குறீங்க. அதப்போயி எப்புடிம்மா கேக்காதீங்கன்னு சொல்றது?"

"அணைச்சு வச்சிருக்கலாமே?"

"அணைக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்தாங்களே," என்றார்.

அண்ணிக்கு அன்று பேச்சு நிற்கவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளத் தஞ்சாவூருக்கு வந்துகொண்டிருந்த நாட்களில் ஒருமுறை, இவர் தன்னுடைய பழைய வண்டியிலேயே ஏறியிருக்கிறார். கண்டக்டர் புதிது. "பெருசு, எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டான். இவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருந்தாராம். கை கால் வீங்கி, மூச்சு முட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அவருக்குத் தண்ணீரே அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார்கள். "தண்ணி குடிச்சதுக்கும் டாக்டர்கிட்ட திட்டு வாங்குனாரு, லேட்டா போனதுக்கும் வாங்குனாரு," என்றார் அண்ணி.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள் என்று போன் வந்த மத்தியானத்தைப் பற்றிச் சொன்னார். சாப்பாட்டில் கைவைத்திருந்தவர் அப்படியே எழுந்திருக்கிறார். வாசலில் கார் வந்து நின்றது. கார் வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும், யாராவது கேட்டுவிட்டால் இவர் திரும்பி உட்கார்ந்துவிடுவாரே, நேரம் போய்விடுமே என்று அண்ணி அவருக்கு முன்னால் ஓடித் தெருவைப் பார்த்தாராம்.

"யாருமே கேக்கலீங்க," என்றார் அண்ணி. "எல்லாரும் வாசல்ல வந்து நின்னாங்க. எதுத்த வீட்டு அக்கா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. வாய் ஓயாம பேசுற ஜனம். கார் தெரு முக்கு திரும்புற வரைக்கும் ஒரு வார்த்த பேசல."

இவர் அதைக் கேட்டபடி மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவை எனக்கு உடனே போய்ப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

கம்பெனித் தம்பியை அன்று மாலையே கூப்பிட்டேன். "மேடம், கேள்வி கேட்டாத்தான் ஜனங்க பதில் சொல்வாங்க. பதில் சொன்னாத்தான் நடப்பாங்க. இது எல்லா ஊர்லயும் வொர்க் ஆகுது. ஒருத்தருக்காக மாத்த முடியாது," என்றது தம்பி. எனக்குச் சூடு ஏறிவிட்டது. ஒருத்தர்தானா பார்ப்போம் என்று எங்கள் நோயாளிகளின் நடையை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முத்துப்பேட்டை பக்கத்து அம்மா ஒருத்தி, மன்னார்குடிக்காரர் ஒருவர், இன்னும் சிலர். அதே சின்ன மேடு, உடனே தரிசு. சோம்பேறிகள் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தவர்கள். யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டுப் பெண்பிள்ளை போலக் கேட்கிற குரலை எப்படிக் கடிந்துகொள்வது?

படங்களை அனுப்பி வைத்தேன். கூடவே, இனி என் குரல் வேண்டுமென்றால் நான் சொல்கிறதைத்தான் சொல்வேன் என்று ஒரு மிரட்டல். தம்பி இறங்கி வந்தது.

சரி, எங்கே என்று கேட்கக் கூடாது. வேறு என்ன சொல்வது? அவரையே கேட்டேன். அவர் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்வார். போனில் காக்கை கத்துவதும் அண்ணி பாத்திரம் தேய்ப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் கேக்க வேணாம்மா," என்றார் கடைசியில். "போயிட்டு வாங்கன்னு சொல்லிடுங்க. கெளம்புறவனுக்கு வேற என்ன வேணும்?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல்களை அடைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து அந்த இரண்டு வார்த்தைகளைப் பேசிப் பதிவு செய்தேன். போயிட்டு வாங்க. எத்தனையோ முறை வாயால் சொன்னதுதான். யாருமில்லாத அறையில், கிளம்புகிறவர் எதிரில் இல்லாமல் சொல்லிப் பார்த்தால் அது வேறு மாதிரி இருந்தது. இந்த முறை யாரும் திருப்பி வாசிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் அவருடைய மேடு விழவில்லை. நீண்டுகொண்டே போனது.

"போனுக்குப் பதில் சொல்லிட்டுப் போறாருங்க," என்று அண்ணி கூப்பிட்டுச் சிரித்தார். "'போயிட்டு வரேம்மா'ன்னு சட்டைப்பையப் பாத்துச் சொல்லிட்டுத்தான் படி எறங்குறாரு. தெருவுல எல்லாம் கேலி பண்றாங்க. பண்ணட்டும்."

அதற்குப் பிறகு என் காலைகள் மாறிவிட்டன. வீட்டில் காப்பியை வைத்துக்கொண்டு திரையைத் திறப்பேன். வரைபடத்தில் வயல்கள் வெறும் பச்சைக் கட்டங்கள். நடுவே ஒரு வாய்க்கால், ஒரு மதகு, ஒரு பஸ் நிறுத்தம். அதன்மேல் அவருடைய கோடு மெல்ல ஊர்ந்து போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் கட்டங்கள் கரைந்து பனி வந்துவிடும். ஈரமண் வாசனைகூட வரும். டெல்டா முழுக்க எத்தனை வாசல்களில், ஒரே விடியலில், ஒரே நேரத்தில் நான் நின்று போயிட்டு வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தால் உடம்பு லேசாகிவிடும். என் கணவர் வந்து, "தூங்குறியா முழிச்சிருக்கியா?" என்பார். இரண்டுமில்லை என்பேன்.

அவர் மதகு தாண்டி, பஸ் நிறுத்தம் வரை போய், சிமெண்டு பெஞ்சில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். பழைய வண்டி அந்த நேரத்துக்கு அங்கே வரும். டிரைவர் ஹாரன் அடிப்பார். இவர் ஏறமாட்டார். சில நாள் எனக்குக் குரல் செய்தி அனுப்புவார். "இன்னைக்கு நடவு நடக்குது." "கொக்கு எக்கச்சக்கமா வந்திருக்கு." செய்தி அவ்வளவுதான். அதற்கு நான் ஒரு சிரித்த முகத்தை அனுப்புவேன்.

சர்க்கரை இறங்கியது. எடை இறங்கியது. பெரிய டாக்டர் முதுகில் தட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த கோடையில் அவருடைய ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற அளவு அது. ஏறக் கூடாது. நடையில் குறையில்லை, மாத்திரையிலும் குறையில்லை. சில உடம்புகள் நன்றாக வைத்திருந்தும் திடீரென்று ஒருநாள், இது என்னுடையது இல்லை என்று சொல்லிவிடும். உள்ளே சேர்த்து, ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்து, மூன்று நாள் கனமான மருந்து ஏற்றினார்கள். அதற்கு உடம்பு கேட்டால் உண்டு. கேட்காவிட்டால் மறுபடி டயாலிசிஸ், மறுபடி காத்திருப்பு. அந்த வயதில், அந்த உடம்பில், இரண்டாவது முறை கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை.

அண்ணி டாக்டர் பின்னாலேயே ஓடி ஓடிக் கேட்டார். நான் கேட்டேன். இவர் மட்டும் கேட்கவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"என்ன நெலமைன்னு டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்களேண்ணே. மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா எப்படி?" என்றேன்.

"வேணாம்மா. ஏறி உக்காந்தவங்க எறங்குறதுக்கு எழுந்து நிக்கிறாங்களோ என்னமோ. இப்பப் போயி நான் கேட்டா நல்லா இருக்காது."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. எழுந்து வெளியே வந்து, மருந்து அறையில் நின்று நன்றாக அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த நோயாளியை நடக்க வைக்கப் போனேன்.

மருந்து முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடையைத் தொடரலாம், வெயிலில் வேண்டாம் என்று சொன்னார்கள். ஊரிலேயே ரத்தம் கொடுத்து முடிவை எங்களுக்கு அனுப்பவேண்டும். முடிவு வருகிற அன்று காலையிலிருந்து நான் எதிலும் நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் வந்தது. எடுத்துப் படித்தேன். இரண்டாவது முறையும் படித்தேன். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால், எங்கே இருக்கிறார் என்று பார்க்கத் திரையைத் திறந்தேன்.

கோடு வீட்டில் இல்லை. மதகைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பாமல், வாய்க்கால் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தது. அவர் ஒருநாளும் போகாத பக்கம். போகிற வேகமும் அவருடையது இல்லை. மிக மெதுவாக, அங்கங்கே நின்று நின்று, ஏதோ நினைவு தப்பியவர் நடக்கிற மாதிரி நகர்ந்தது. போன் செய்தேன். எடுத்துவிட்டார். எங்கே என்று கேட்க வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அண்ணே, தூரமா?"

மறுமுனையில் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு.

"தண்ணி வந்துருக்கும்மா. புதுத்தண்ணி. மேட்டூர் தெறந்தது இப்பத்தான் நம்ம வாய்க்காலுக்கு வந்து சேந்துருக்கு. அது கூடவே நடந்து போயிக்கிட்டு இருக்கேன்."

வெடித்துக் கிடக்கிற வாய்க்காலில் முதல் தண்ணீர் எப்படி வரும் என்று நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஓடி வராது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வெடிப்புக்குள் எல்லாம் இறங்கி நிரப்பிவிட்டு, கொப்புளம் விட்டு, பிறகுதான் ஓரடி முன்னால் வரும். கூடவே நடந்தால் நாமும் நின்று நின்றுதான் நடக்கவேண்டும். கடைமடையான எங்கள் பக்கத்துக்கு அது வந்து சேர்வதே பெரிய பாடு. தூரத்தில் பெண்கள் குலவை போடுவது போனில் கேட்டது.

"தண்ணியில கால் வைக்கலியே?"

"கரைமேலதாம்மா. ஷூ போட்டுருக்கேன், மாஸ்க்கும் போட்டுருக்கேன்."

"அண்ணே, ரிசல்ட் வந்துடுச்சு. எறங்கிடுச்சு. பழைய அளவுக்கே வந்துடுச்சு. கிட்னி நல்லா வேலை செய்யுது."

தண்ணீர் வெடிப்புக்குள் இறங்குகிற குளுகுளு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார்.

அவரைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னதில்லை. "கேளுங்கண்ணே," என்றேன்.

"எங்கூட இருக்குறவங்க எந்த ஊரோ. அவங்க ஊருல இதெல்லாம் உண்டா? காஞ்ச வாய்க்கால்ல தண்ணி இப்புடி வர்றத அவங்க பாத்துருப்பாங்களா?"

"தெரியலண்ணே. எங்களுக்கும் சொல்ல மாட்டாங்க."

"அதுவும் சரிதான்." கொஞ்சநேரம் நடந்தார். செருமினார். "பாத்ததில்லன்னா இப்பப் பாத்துக்கட்டும்மா. அது மெதுவாத்தான் போவுது. நானும் மெதுவாவே போறேன்."

போனை அணைக்க மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் வைக்கவில்லை.